சடையனின் துண்டில் நான் போட்ட பதினொரு தையல்

கச்சிராயபாளையத்தில் ஒழுகுகிற ஓலைக் கூரைக்குக் கீழே பிறந்து, அதே மனையில் மாடி வீடு கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்பு முடிக்காதவன், ஆனாலும் எத்தனையோ நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி நடந்தவன். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதவே முப்பது வயதில்தான் பழகினேன். அதற்கு முன்பே வெள்ளைக்காரன் இடுப்பை நாடா வைக்காமல் கண்ணால் அளந்து சொல்வேன், அரை இஞ்சு தப்பாது. மகளை டீச்சர் ஆக்கினேன். மகனுக்குக் கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்துக் கொடுத்தேன். தம்பிகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். எவனும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. என் கையில் இருந்தது ஊசி ஒன்றுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் சங்கம் போடப்போகிற புத்தகத்தில் இதில் ஒரு வரி கிடையாது.

நம் மாவட்டத்திலிருந்து சுற்றுலாக் கப்பலில் வேலைக்குப் போனவர்கள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் இது. புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கும், வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பயணிகளாகப் போகிற பெற்றோருக்கும் உதவட்டும் என்று, கப்பலின் விழா மாலைகளில் என்ன உடுத்துவது என்பதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். செயலாளர் பிரகாஷ் அதன் முன்வடிவை என் போனுக்கு அனுப்பினார். முதல் கட்டுரை தனசேகருடையது. அட்டைப் படத்திலும் தனசேகர். எனக்கு ஒதுக்கியிருப்பது அரைப் பக்கம்.

"அண்ணா, நீங்க பட்டன், ஜிப்பு பத்தி ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கடைசில போட்டுர்லாம்" என்றார் பிரகாஷ்.

"கடைசிலயா?"

"பின்னட்டைக்கு முன்னாடிங்கண்ணா. பளிச்சுனு தெரியும்."

என் சம்சாரம் அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கோட்டு நீ தச்சது, கப்பலு நீ இருந்த கப்பலு. போட்டோல நீ எங்கய்யா இருக்க?" என்று கேட்டாள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. அரைப் பக்கத்தில் அடங்காது.

வேலை கற்றுக்கொண்ட கதையைச் சுருக்கியே சொல்கிறேன். மாமன் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தது ஆறு வருஷம். சென்னையில் யூனிபார்ம் தைத்தது எட்டு வருஷம். அங்கிருந்து ஒரு ஏஜெண்டு மூலம் கப்பலின் சலவைப் பிரிவுக்குப் போய், இஸ்திரி போட்டு, மூன்றாம் வருஷம் தையல் அறைக்கு ஏறினேன். ஏறினேன் என்று சொல்கிறேனே தவிர, அந்த அறை கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

விழா மாலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பத்து நாள் பயணத்தில் இரண்டு சாயங்காலம் அப்படி அறிவிப்பார்கள். காலையிலேயே அறைக் கதவுக்கடியில் ஒரு சீட்டு வந்துவிடும். ஆண்கள் கறுப்பு டின்னர் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட போ டை. இல்லையென்றால் அடர்நிறக் கோட்டும் பேன்ட்டும். பெண்கள் நீள கவுன். கடைசி வரியில், அவரவர் நாட்டு விழா உடையும் சரி என்று போட்டிருக்கும். நம் பெண்களுக்குக் கவலையே இல்லை, பட்டுப் புடவை போதும், கப்பலே திரும்பிப் பார்க்கும். ஆனால் படி ஏறும்போது மடிப்பு மிதிபடும், பின் குத்தியே தீரவேண்டும்.

ஆண்களுக்கு நான் சொல்லும் பாடங்கள் இவை. சட்டைக் கை கோட்டுக் கைக்கு வெளியே அரை இஞ்சு தெரிய வேண்டும். டின்னர் கோட்டுக்குள் கட்டுகிற இடுப்புப் பட்டையின் மடிப்பு மேல்பார்த்து இருக்க வேண்டும், கீழ்பார்த்தால் கட்டத் தெரியாதவன் என்று அர்த்தம். முதல் விழா மாலை பயணத்தின் இரண்டாம் நாள் வரும். அடுத்தது எட்டாம் நாள். நடுவில் ஆறு நாள் சாப்பாடு இருக்கிறதே, அதைக் கணக்கில் வைக்கத் தெரியாத தையல்காரன் தையல்காரனே இல்லை. எட்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு என் அறை வாசலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அதனால் இரண்டாம் நாளே, யாருக்கும் சொல்லாமல், பேன்ட்டின் பின்தையலில் ஒரு இஞ்சு விட்டு வைப்பேன். எத்தனையோ பேருடைய மானத்தைக் காத்தது அந்த ஒரு இஞ்சு. அவர்களுக்கே தெரியாது.

இந்தப் பழக்கம் எனக்கு மார்த்தா அம்மாவிடமிருந்து வந்தது. போர்ச்சுகல்காரி. துணி அறைக்குத் தலைவி. அந்த அம்மா திட்டி நான் கேட்டதில்லை. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணாடியைக் கூடப் போடமாட்டாள். கட்டை விரல் நகத்தைத் தையல் மேல் ஓட்டுவாள். எங்காவது நகம் நின்றுவிட்டால் அவ்வளவுதான். தானே உட்கார்ந்து, நூல் அறாமல், முழுத் தையலையும் பிரிப்பாள். பிரித்த நூலை ஒரு சின்ன அட்டையில் சுற்றி நம் உள்ளங்கையில் வைப்பாள். "உன்னுடையது" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் தொழிலில் சுத்தமானேன். முதல் வருஷத்தில் என்னிடம் ஒரு டப்பா நிறைய அட்டை சேர்ந்திருந்தது.

இனி தனசேகர். சின்னசேலத்துப் பிள்ளை. பன்னிரண்டாவது முடித்து, கேட்டரிங் படித்து, சாப்பாட்டுக் கூடத்துக்கு நேராக வந்து இறங்கினான். என்னைவிட எட்டு வயது சின்னவன். நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். வந்த மூன்றாம் மாதமே கேப்டன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்னை இருபத்திரண்டு வருஷமும் 'டெய்லர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவன் தட்டை வைத்தால் கைகொடுத்துப் பாராட்டுவார்கள். நான் கிழிந்ததைத் தைத்தால், கிழிந்ததே வெளியில் தெரியக்கூடாது என்பதால், தைத்தவனும் தெரியமாட்டான். பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதை மறைத்து எழுத எனக்கு வராது.

ஒரு தடவை அவன் தலைமைப் பரிமாறுபவனாக உயர்ந்தபோது, வெள்ளைக் கோட்டை அளவு குறைக்கக் கொண்டுவந்தான். "அண்ணா, நாளைக்குக் கேப்டன் டேபிளு. சும்மா மாப்ள கணக்கா இருக்கணும்" என்றான். மாப்பிள்ளை! அன்றைக்கு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கோட்டுக் கையை ஒரு விரல்கடை அதிகமாகவே குறைத்தேன். போட்டுப் பார்த்தால் அண்ணன் சட்டையைத் தம்பி போடுவதற்குப் பதில் தம்பி சட்டையை அண்ணன் போட்டது மாதிரி இருக்கும். மார்த்தா அம்மா நகத்தை ஓட்டிப் பார்த்தாள். தையலில் குற்றமில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். தனசேகரையே வரச்சொல்லி, அவன் எதிரில் உட்கார்ந்து பிரித்து, நூலை அட்டையில் சுற்றி, என் கையில் வைத்தாள். "உன்னுடையது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாண்ணா, அளவு மாறிப்போச்சா? உங்களுக்கே தப்புமா?" என்றான். அதை அவன் கள்ளமில்லாமல் கேட்டதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அட்டைப் படத்தில் அவன் போட்டிருக்கிற கோட்டு அதுதான். சட்டைக் கை சரியாக அரை இஞ்சு வெளியே தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் என் வேலைதான்.

அந்தப் படத்தின் நடுவில், கறுப்புக் கோட்டும் வேட்டியுமாக, வலது கையை இடது தோளருகே வைத்துக்கொண்டு கேப்டன் எதிரில் நிற்கும் பெரியவர்தான் சடையன். எங்கள் ஊரை ஒட்டிய கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். மகள் அலமேலு லண்டனில் நர்சு. அப்பாவுக்குக் கடல் காட்டவேண்டும் என்று கூட்டி வந்திருந்தது.

இரண்டாம் நாள் விழா மாலையில் பெரியவர் அரைக்கைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்போடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். வாசல் பொறுப்பிலிருந்த அதிகாரி தடுத்துவிட்டார். நாட்டு உடை என்று மகள் வாதாடியிருக்கிறது. இது வீட்டு உடை மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். அப்பாவும் மகளும் மேல்தளத்தில், தட்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கித் தின்னும் இடத்தில் சாப்பிட்டார்கள். பெரியவர் அசரவில்லை. அந்தப் பெண்தான் அழுதுவிட்டது. அப்பா இனி எந்த நாளும் அந்தக் கூடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

இந்தச் சேதியைக் கொண்டுவந்தவன் தனசேகர். அதை நான் மறைக்கவில்லை. "அண்ணா, உங்க மலைக்காரரு ஒருத்தரு. எட்டாம் நாளு கேப்டன் எல்லாருக்கும் கை குடுக்கற விழா. அதுக்குள்ள ஒரு பேன்ட் தச்சுப் போட்டு வுட்ருங்க" என்றான்.

மறுநாள் மகள் அவரை என் அறைக்கு அழைத்து வந்தது. நான் நாடாவை எடுத்ததுமே பெரியவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தக் குழாயெல்லாம் வேணாம் தம்பி."

"அப்பா, ஒரு நாளுதானேப்பா" என்றது மகள்.

"ஒரு வேளை சோத்துக்குக் காலுக்கு ஒரு உறை, கழுத்துக்கு ஒரு கயிறா? எங்க வூட்டு மாட்டுக்குக்கூடக் கழுத்துல மட்டுந்தான் கட்டுறோம்."

நான் சிரித்துவிட்டேன். "பேன்ட்டு வேணாங்க. வேட்டியிலயே உள்ள போறீங்க, நானாச்சு" என்றேன்.

அந்த நேரம் மார்த்தா அம்மா உள்ளே வந்தாள். பெரியவர் சட்டென்று எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடுப்பில் சுற்றிக் கட்டினார். கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் சொல்லவில்லை, அவரும் யோசிக்கவில்லை. கண்ணில் தூசு பட்டால் இமை மூடுமே, அப்படி.

நான் நாடாவைக் கீழே வைத்தேன். என் அப்பா குத்தகைக்கு உழுதவர். நிலத்துக்காரர் வண்டிச் சத்தம் கேட்டாலே துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும். வரப்பில் நின்று நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பெரிய மனுஷர் எதிரில் தோளில் துண்டு இருக்கக்கூடாது என்பது சட்டம் போட்டு வந்ததா, என்ன? உடம்பில் ஊறியது. இந்தப் பெரியவர் கேப்டனைப் பார்த்த நிமிஷம் இதைத்தான் செய்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை பேர் கண்ணெதிரில், தன் மகள் பக்கத்தில், கோட்டு போட்டுக்கொண்டு இடுப்பில் துண்டைக் கட்டி, கைகட்டி நிற்பார். கோட்டு என்ன கோட்டு, அதைத் தைத்து என்ன பயன்?

வாயால் சொல்லித் தடுக்க முடியாது. சொன்னால் தலையாட்டுவார், நேரம் வந்தால் கை தானாகப் போகும்.

வாடகைக்கு விடும் கோட்டுகளில் பழையது ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மார்பு மடிப்பை வெட்டி எடுத்து, கழுத்தை மூடி, நின்ற காலர் வைக்க வேண்டும். வாடகைக் கோட்டில் கத்தரி வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. மார்த்தா அம்மாவிடம் கேட்டேன். கேள்வி ஏதும் கேட்காமல் தன் மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கத்தரியை அவள் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. வெட்டிய துணியிலேயே காலர் எடுத்தேன். மகள் பெட்டியில் கரை போட்ட புது வேட்டியும், அதே கரையில் துண்டும் இருந்தன. வேட்டிக்குக் கஞ்சி போட்டு, கரை நேராக விழும்படி இஸ்திரி போட்டேன். இடுப்பில் நழுவாமலிருக்க உள்பக்கம் பட்டை வைத்து இரண்டு கொக்கி தைத்தேன். மகளோடு போய்க் கப்பல் கடையில் கறுப்புச் செருப்பு வாங்கச் சொன்னேன்.

எட்டாம் நாள் மாலை பெரியவருக்கு நானே உடுத்திவிட்டேன். கடைசியில் துண்டை மடித்து இடது தோளில் போட்டேன். "கொஞ்சம் அப்படியே நில்லுங்க, ஒரு நூலு தொங்குது" என்று பொய் சொன்னேன். துண்டின் அடிமடிப்பையும் கோட்டின் தோள்தையலையும் சேர்த்துப் பதினொரு மறைதையல் போட்டேன். இரட்டை நூல். மேலே ஒன்றும் தெரியாது. மார்த்தா அம்மா வந்து தோளில் நகத்தை ஓட்டினாள். நகம் நின்றது. அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் நகம் நின்று, பிரிக்காமல் விட்ட தையல் என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

விழா மாலைகளில் நான் ஊசி, நூல், பின் எல்லாம் எடுத்துக்கொண்டு கூடத்துத் தூணோரம் நிற்க வேண்டும், யாருக்காவது பட்டன் தெறித்தால் ஓடுவதற்கு. அதனால் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். வாசல் அதிகாரி பெரியவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தானே கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே தனசேகர் பெரியவரின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். கேப்டன் நெருங்கினார். நான் நினைத்தபடியே பெரியவரின் வலது கை தோளுக்குப் போனது. துண்டைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். வரவில்லை. கேப்டன் கையை நீட்டியபடி நிற்கிறார். அந்த நொடியில் போட்டோக்காரன் அடித்த படம்தான் உங்கள் அட்டையில் இருப்பது.

பெரியவர் கூட்டத்துக்குள் என்னைத் தேடி, "தம்பி, இது வரமாட்டேங்குதே!" என்று சத்தமாகக் கேட்டார். தமிழ் தெரியாத அத்தனை பேரும் அதை ஏதோ வாழ்த்து என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

"வுடுங்கய்யா, வுடுங்க" என்று தனசேகர் பல்லைக் கடித்தான்.

வேறு வழியில்லாமல் பெரியவர் துண்டை விட்டார். அந்தக் கையைக் கேப்டன் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். துண்டு தோளில்தான் இருந்தது. அலமேலு வாயைப் பொத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று எடுத்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "போட்டாவுக்கு நீயும் வா தம்பி. இன்னா அங்கியே நின்னுகினு இருக்க?" என்றார். போயிருக்கலாம். பத்தடி தூரம்தான். ஆனால் பெரியவரின் முழங்கையில் தனசேகரின் கை இன்னும் இருந்தது. கேப்டன் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். நான் தைத்த கோட்டுக்கு நான் தைத்த இன்னொரு கோட்டு துணை நின்று பேர் வாங்கிக்கொண்டிருந்தது. "வேலை இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். என் சம்சாரம் கேட்டதற்குப் பதில் இதுதான். அட்டைப் படம் எடுத்தபோது தூணோரம் நின்றேன், அடுத்த போட்டோவிலும் நான் இல்லாததற்கு யாரும் காரணமில்லை. கூப்பிட்டும் போகாதவன் நான்.

மறுநாள் காலையில் பெரியவர் கோட்டைக் கொண்டுவந்தார்.

"துண்டத் தச்சுப்புட்டியா?"

"ஆமாங்க."

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதாங்க கேக்கல."

அவர் கோட்டின் தோளைத் தடவிப் பார்த்தார். கோபமோ என்று பயந்தேன். கேட்காமல் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு ஓரத்தில் உறுத்தல் உண்டு. பிறகு சொன்னார்: "அந்த ஆளு கை நல்ல கனமான கை. நம்ம கையாட்டந்தான் கீது." இன்னொன்றும் சொன்னார்: "சரி, பிரிச்சுக் குடு. மூஞ்சி தொடைக்க எனக்கு வேற துண்டு இல்ல."

நூல் அறாமல் பதினொரு தையலையும் பிரித்தேன். பிரித்த நூலை ஓர் அட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன். இன்றும் என் தகர டப்பாவில் இருக்கிறது.

இப்போது தனசேகரின் கட்டுரைக்கு வருகிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறான், அவனுக்குப் படிப்பு இருக்கிறது. வேட்டியை விழா உடையாக ஏற்க வைத்தது தன் முயற்சி என்கிறான். சரி, சேதி சொன்னான், கூட்டிப்போனான், அந்தப் பங்கு அவனுக்கு உண்டு. ஆனால் படத்தைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறான்: 'நெஞ்சருகே கை வைத்துக் கம்பீரமாக வணங்கும்படி பெரியவருக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.' இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் போட்டேன்.

"தனசேகரு, அவரு கும்புட்டாரா? துண்ட உருவுனாருடா!"

"இன்னாண்ணா, படிக்கிறவங்களுக்குத் துண்டு, இடுப்புன்னு எழுதுனா நல்லாவா இருக்கும்? வணக்கம்னா டீசன்டா இருக்கு."

"டீசன்டா இருக்கறதுக்குத்தான்டா நான் தச்சேன்!"

அவன் சிரித்தான். கன்னத்தில் குழி விழுந்திருக்கும்.

அதனால் சங்கத்துக்கும் பிரகாஷுக்கும் எழுத்து மூலமாகவே கேட்கிறேன். அட்டையில் தனசேகர் இருக்கட்டும். முதல் கட்டுரை அவனுடையதாகவே இருக்கட்டும். அந்த வணக்க வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். பெரியவர் அன்றைக்கு யாரையும் வணங்கவில்லை, வணங்க முடியாதபடி நான் தைத்திருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது தோளில், துண்டும் கோட்டும் சேருகிற இடத்தில், துணி இழுபட்டு ஒரு சுருக்கம் விழுந்திருக்கிறது. அந்தப் படத்தில் நான் இருக்கிற இடம் அதுதான். அதன் கீழே ஒரு வரி போடுங்கள்: கோட்டும் துண்டின் தையலும், கச்சிராயபாளையம் ஏழுமலை.

நம்பிக்கை இல்லையென்றால் அட்டையோடு அந்த நூலைக் கொண்டுவருகிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். தையலுக்கு ஒன்றாகப் பதினொரு மடக்கு இருக்கும், என்னுடையது.